ஐந்து கல்வியாண்டுகள், ஒரு வகுப்பு வலைப்பூ

என் ஆறாம் வகுப்பு அறிவியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய வலைப்பூவுக்கு இது ஐந்தாவது கல்வியாண்டு. அதைத் தொடங்க ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. அந்த மாலையிலும் பாதி, வார்ப்புருவுக்கு நிறம் தேடுவதிலேயே போயிற்று. அந்த நிறத்தை இன்றுவரை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தேர்ந்தெடுத்தது பிளாகர் என்ற வலைப்பூச் சேவை. 1999 முதல் இருந்துவருவது, 2003 முதல் கூகுள் வசம் உள்ளது, நடுவில் காணாமல் போகாது என்று நம்பினேன். வேர்ட்பிரஸ்.காம் பார்க்க இன்னும் அழகு. ஆனால் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும். பிள்ளைகள் எழுதும் பக்கத்தில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாணவருக்கும் தனிப்பக்கம் கொடுக்க நினைப்பவர்கள், கல்விக்கென்றே 2005இல் தொடங்கப்பட்ட எடுபிளாக்ஸைப் பார்க்கலாம்.

முதல் ஆண்டு படுதோல்வி. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, 'நாளை வரைபடத்தாள் கொண்டுவரவும்' என்று அதை அறிவிப்புப் பலகையாகவே நடத்தினேன். ஓர் இடுகைக்கு நான்கு பார்வைகள் வந்தால் அதில் ஒன்று என்னுடையது.

நிலைமையை மாற்றியது ஓர் அவரை விதை. இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஈரத்துணியில் விதை வைத்திருந்தோம். ஒரு மாணவியின் விதை மட்டும் ஆறு நாளாகியும் முளைக்கவில்லை. 'என் விதை ஏன் இன்னும் தூங்குகிறது?' என்று தலைப்பிட்டுப் பதினோரு வரி எழுதிக் கொடுத்தாள். துணியைத் தொட்டால் தண்ணீர் சொட்டுகிறது, விதை வழவழப்பாகிவிட்டது, ஒரு மாதிரி வாடை வருகிறது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். அன்று மாலையே பின்னூட்டங்கள் வரத் தொடங்கின. 'துணியைப் பிழிந்தாயா?' என்று ஒரு பையன் கேட்டிருந்தான். தண்ணீர் தேங்கினால் விதைக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும் என்பதை நான் பாடத்தில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அந்த ஒற்றைக் கேள்வி செய்த வேலையை என் இரண்டு விளக்கங்களும் செய்யவில்லை. வேறு விதை வைத்து, துணியைப் பிழிந்து, நான்காம் நாள் வெள்ளை வேர் எட்டிப்பார்த்ததை இன்னோர் இடுகையாக எழுதினாள். அதற்குப் பிறகு வீட்டுப்பாடத்தை நான் அங்கே போட்டதே இல்லை.

நடைமுறை இதுதான். கூகுள் கணக்கைத் தாமாகவே தொடங்கப் பெரும்பாலான நாடுகளில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். என் மாணவர்களுக்குப் பதினொன்று. ஆகவே யாருக்கும் கணக்கு இல்லை. தாளில் எழுதுவார்கள், வாரத்துக்கு இருவர் வகுப்புக் கணினியில் தட்டச்சு செய்வார்கள், நான் வெளியிடுவேன். தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் வலப்பக்கம் என்பதைப் பிடித்துக்கொண்டதும் அவர்கள் வேகம் கூடிவிட்டது. நான் இன்னமும் இரண்டு விரல்தான். பிழை இருந்தால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுப்பேனே தவிர, நானே திருத்தமாட்டேன். சக ஆசிரியர்கள் இதை வீண் பிடிவாதம் என்கிறார்கள், இருக்கலாம்.

பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். முகம் தெரியாமல் கைகளை மட்டும் படம் எடுத்துப் போடுவது என் வழக்கம். பெயரும் முதலெழுத்து மட்டும்தான். ஒருமுறை படத்தின் ஓரத்தில் கிடந்த நோட்டு அட்டையில் ஒரு பையனின் முழுப்பெயர், பள்ளி, வகுப்புப் பிரிவு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இப்போது வெளியிடுமுன் படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பார்க்கிறேன். தேடுபொறிகளுக்குக் காட்ட வேண்டாம் என்ற அமைப்பையும் நம்பி உட்காரக் கூடாது. அது ஒரு வேண்டுகோள் மட்டுமே, முகவரி தெரிந்த யாரும் உள்ளே வரலாம். அழைப்பு பெற்றவர்கள் மட்டும் படிக்கும்படி ஓராண்டு வைத்துப் பார்த்தேன். பாதிப் பெற்றோர் உள்நுழையத் தெரியாமல் நின்றுவிட்டார்கள். பின்னூட்ட மட்டுறுத்தலை, அதாவது நான் படித்து அனுமதித்த பிறகே பின்னூட்டம் வெளியாகும் ஏற்பாட்டை, மட்டும் ஒருநாளும் அணைத்ததில்லை.

ஆண்டுக்கொரு முறை காப்புப் பிரதி எடுக்கிறேன். இறங்கும் கோப்பில் எழுத்தும் பின்னூட்டங்களும் இருக்கும், படங்கள் இருப்பதில்லை. அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

சென்ற மாதம் அந்த விதை மாணவி வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. தோழிகள் அந்த இடுகையைத் தேடிப் படித்துச் சிரிக்கிறார்களாம், எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். ஐந்தாண்டுகளில் வந்ததிலேயே நல்ல இடுகை அது; புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் அதைத்தான் முதலில் காட்டுவேன். அழிக்கவா, யாருக்கும் தெரியாமல் வரைவில் வைக்கவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரைவிலேயே இருக்கட்டும்" என்றாள். அவள் எதிரிலேயே மாற்றினேன். இந்த ஆண்டிலிருந்து, வகுப்பு முடியும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடப் போகிறேன்: வைக்கவா, எடுக்கவா?