இரண்டு நாள் ஃப்ரீஆர்டிஓஎஸ் பயிற்சி: பணம் கட்டலாமா?

ஃப்ரீஆர்டிஓஎஸ் என்பது சிறிய சிப்களில் ஓடும் நிகழ்நேர இயங்குதளம். முதல் நாள் காலை முழுக்க ஸ்லைடுதான்; சி மொழியில் பாயின்டர் பழகியவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம். மதியம் போர்டு கைக்கு வந்த பிறகுதான் களைகட்டுகிறது.

இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகை) முன்னுரிமைப் பாடம் ஒன்றுக்கே கட்டணம் தகும். கார்டெக்ஸ்-எம் சிப்பில் எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும். ரீசெட் ஆனதும் இன்டரப்ட்டுகள் 0-வில்தான் இருக்கும். அதை மாற்றாமல் ஐஎஸ்ஆருக்குள்ளிருந்து (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரல்) கியூவில் (டாஸ்க்குகளுக்குத் தகவல் அனுப்பும் வரிசை) எழுதினால், கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென்று எல்லாம் உறைந்துபோகலாம். ஐஎஸ்ஆரிலிருந்து கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) அழைப்பதற்கான முன்னுரிமை வரம்பு 5 என்றால் அந்த இன்டரப்ட்டுக்கு 5 அல்லது அதைவிடப் பெரிய எண் வேண்டும். இந்தத் தவறை வேண்டுமென்றே செய்யவைத்து, அசெர்ட்டை (தவறு கண்டதும் நிரலை அங்கேயே நிறுத்தும் சோதனை) இயக்கி, எந்த வரியில் சிக்குகிறது என்று டீபக்கரில் காட்டுகிறார்கள். அருமையான முறை.

ஸ்டாக் (ஒவ்வொரு டாஸ்க்குக்கும், அதாவது தனித்து ஓடும் வேலைக்கும், ஒதுக்கும் நினைவகம்) பாடமும் நன்று. அளவைப் பைட்டில் அல்ல, வேர்டில் கொடுக்க வேண்டும்: 32 பிட் சிப்பில் ஒரு வேர்டு 4 பைட், ஆகவே 128 என்றால் 512 பைட். டாஸ்க்குக்குள் ஒரு பிரின்ட்எஃப் போட்டாலே ஸ்டாக் வழிந்துவிடக்கூடும்.

மியூடெக்ஸ் (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பயன்படுத்தவிடும் பூட்டு) பகுதி அவசரகதி. 1997-இல் நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் பாத்ஃபைண்டர் அடிக்கடி ரீசெட் ஆனதற்குக் காரணமான முன்னுரிமைத் தலைகீழாக்கத்தை (முன்னுரிமை குறைந்த டாஸ்க் பூட்டை வைத்திருப்பதால் முன்னுரிமை கூடியது காத்துக்கிடப்பது) சொல்கிறார்கள். ஆனால் அதைப் போர்டில் செய்துபார்க்க நேரமில்லை. வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்), மின்சேமிப்பு இரண்டும் பெயரளவுக்குத்தான்.

கம்பைலரையும் டீபக்கர் டிரைவரையும் முன்கூட்டியே நிறுவிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதல் பயிற்சி நேரம் அதிலேயே கரைந்துவிடும்.