ஆறரை அடிச் சந்தும் நான்கு ஜீப்புகளும்

தாண்டிக்குடிக்கு மேலே இருக்கும் எங்கள் காபித் தோட்டத்துக்கு, பஸ் ரோட்டை விட்டு இறங்கியதும் இரண்டேகால் கிலோமீட்டர் மண் பாதை. அதில் இருநூறு மீட்டர்தான் எப்போதும் தலைவலி. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் தாத்தா நட்ட சில்வர் ஓக் மரம். இரண்டுக்கும் நடுவே டேப் வைத்து அளந்தால் சரியாக ஆறரை அடி. அந்தச் சந்தைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒடித்துத் திரும்பி ஒரு செங்குத்து ஏற்றம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த ஏற்றத்தின் குறுக்கே தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் பறித்துவிடும். எட்டு வருஷமாக இந்தப் பாதையில் தினமும் நானே வண்டி ஓட்டுகிறேன்.

எங்களிடம் இருப்பது 2008-ஆம் வருஷத்து மாருதி ஜிப்ஸி. அந்த மாடலை 2019-இல் கம்பெனி நிறுத்திவிட்டது. போன ஐப்பசியில் புது வண்டி வாங்கலாம் என்று முடிவானது. ஷோரூமில் தரும் டெஸ்ட் டிரைவ் நல்ல ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டவைப்பது. அதை வைத்து எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அதனால் சித்தி மகனின் மஹிந்திரா தார் டீசல், மேல் எஸ்டேட்காரர் 2022-இல் வாங்கிய ஃபோர்ஸ் கூர்க்கா, வத்தலக்குண்டில் இருக்கும் தோழியின் மாருதி ஜிம்னி என்று மூன்றையும் ஒவ்வொரு நாள் இரவல் வாங்கினேன். எங்கள் ஜிப்ஸியையும் சேர்த்து நான்கையும் அதே ஏற்றத்தில், அதே ஈரத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த நான்குமே பார்ட் டைம் ஃபோர் வீல் வகைதான். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர் வீல் ராடைப் போட்டால், எஞ்சின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி, சக்கரங்களைச் சுற்றவைக்கும் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் கோத்துவிடும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போயாக வேண்டும். சேற்றில் ஏதாவது ஒரு சக்கரம் லேசாக வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த பஸ் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல் சக்கரங்களிலும் ஏறி நிற்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது இருபத்திரண்டு வயதில். அப்பாவின் ஜீப்பில் ஃபோர் வீலை எடுக்க மறந்து பண்ணைக்காடு வரை போய்விட்டேன். வண்டி இழுத்துப் பிடித்தது, ராடு அசையவே இல்லை. கியர் பாக்ஸ் போய்விட்டது என்று அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த டிரைவர் அண்ணன் பதறவில்லை. “பாப்பா, அது வண்டி குத்தம் இல்ல. ஸ்டியரிங்க நேரா வச்சு பத்தடி பின்னாடி எடு, தானா விட்டுடும்” என்றார். எடுத்தேன். டக் என்று ஒரு சத்தம், ராடு வெண்ணெய் மாதிரி கழன்றது. புதிதாக ஃபோர் வீல் வாங்குகிறவர்கள் முதல் மாதத்தில் செய்யும் தப்பு பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் இன்னொன்று. ஃபோர் வீல் போட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. முன்னால் ஒரு டிஃபரன்ஷியல், பின்னால் ஒரு டிஃபரன்ஷியல். அதன் வேலை, திருப்பத்தில் இடது சக்கரமும் வலது சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், சுற்ற எளிதான அந்தச் சக்கரத்துக்கே சுற்று எல்லாம் போய்விடும். எங்கள் வாய்க்காலைக் குறுக்காகக் கடக்கும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தொங்கும். அப்போது இரண்டு சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கும் இரண்டும் சும்மா நிற்கும். அந்த இடத்தில் வண்டி என்ன செய்கிறது என்பதுதான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

ஜிப்ஸியில் அதற்கென்று ஒன்றும் கிடையாது. அதன் பலம் எடை. ஏறக்குறைய ஒரு டன்தான். அகலம் 1540 மில்லிமீட்டர், சந்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழையும். முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை இறங்கிப் போய்க் கையால் ‘லாக்’ பக்கம் திருக வேண்டும், அப்போதுதான் முன் சக்கரங்களுக்கு இழுவை போகும். அன்றைக்குக் காலையில் நான் ஒரு பக்கம் மட்டும் திருகிவிட்டு மறு பக்கத்தை மறந்துவிட்டேன். ஏற்றத்தில் பின் சக்கரங்கள் மட்டும் மண்ணை வாரி இறைத்தன. இறங்கி அதையும் திருகிய பிறகு, சின்னதாக ஒரு ஓட்டம் எடுத்து வாய்க்காலைத் தாவியது. பட்டை ஸ்பிரிங் ஆட்டத்தில் முதுகு என்ன ஆகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் ஓட்டம் எடுக்க இடம் இருக்கிற வரைக்கும் அது ஏறாத மேடு இந்தப் பக்கத்தில் இல்லை.

தார் வேறு மாதிரி. 2.2 லிட்டர் டீசல், 130 குதிரைத் திறன். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரில் போட்டுவிட்டுக் காலை ஆக்சிலேட்டரில் பட்டும் படாமலும் வைத்தால் போதும், நடந்து போவது போல ஏறுகிறது. சித்தி மகனின் வண்டியில் பின் டிஃபரன்ஷியலுக்கு மெக்கானிக்கல் லாக் இருக்கிறது. பட்டன் கிடையாது, தானாக வேலை செய்வது. ஒரு பின் சக்கரம் மற்றதைவிட நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து இரண்டையும் பூட்டிவிடும். வாய்க்காலில் வலது பின் சக்கரம் தொங்கி ஒன்றரைச் சுற்று சுற்றியது. ‘டொக்’ என்று ஒரு சத்தம் இருக்கையின் அடியில் கேட்டது. அடுத்த நொடி வண்டி மேலே. எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போனது. முன் சக்கரங்களுக்கு அந்த மாதிரி லாக் இல்லை; சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மற்றதற்கு இழுவையை அனுப்பும் எலக்ட்ரானிக் ஏற்பாடுதான்.

ஆனால் சந்து. தாரின் அகலம் 1820 மில்லிமீட்டர். கண்ணாடிகளை மடக்கிவிட்டு நுழைந்தால் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம். மழையில் வண்டி ஒரு பக்கம் சரிந்தால் அந்த நான்கு விரல் இரண்டு விரலாகிவிடும். சித்தி மகன் வெளியே நின்றுகொண்டு, “அக்கா, மெதுவா, மெதுவா” என்று கத்திக்கொண்டே இருந்தான்.

கூர்க்காவைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசப்படத் தோன்றும். முன்னால் ஒரு லாக், பின்னால் ஒரு லாக், இரண்டுக்கும் தனித்தனி லீவர். வயரோ கம்ப்யூட்டரோ எதுவும் தேவையில்லை. கையால் இழுத்தால் பூட்டிக்கொள்ளும். இதைக் கம்பெனியிலிருந்தே பொருத்தித் தருகிறார்கள். வாய்க்காலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன், பின் லீவரை இழுத்தேன், கிளச்சை விட்டேன். ஒரு சக்கரம் தொங்கியது, ஆனால் எதுவும் வெறுமனே சுற்றவில்லை. மாட்டு வண்டி கல்லில் ஏறி இறங்குவது போல நிதானமாகத் தாண்டியது. ஓட்டமும் எடுக்கவில்லை, சேறும் தெறிக்கவில்லை. முன் லாக்கைத் தேவைப்படாமலே ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டுக்கொண்டே வளைவில் திருப்பினேன். ஸ்டியரிங் திரும்பினாலும் வண்டி நேராகவே போய் வரப்பில் முட்டி நின்றது. முன் சக்கரம் இரண்டையும் பூட்டிவிட்டுத் திருப்பினால் அப்படித்தான் ஆகும். தப்பு என்னுடையது.

அந்த வண்டி இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. அது போன பிறகு பாதையைப் பார்த்தேன். ஜிப்ஸி போன தடம் விரல் ஆழம் என்றால் இது உள்ளங்கை ஆழம். எங்கள் பாதையை அரசாங்கம் போட்டுத் தரவில்லை. ஒவ்வொரு தை மாதமும் காபி அறுவடை முடிகிற சமயத்தில் நாங்களே கல் அடித்து மண் போடுகிறோம். எடை கூடிய வண்டி தினம் நான்கு நடை போய் வந்தால் வாய்க்கால் இன்னும் சீக்கிரம் ஆழமாகும். வண்டி வாங்கும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜிம்னி கடைசி நாள். 1.5 லிட்டர் பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர் இழுவை. காகிதத்தில் பார்த்தால் தாரின் பாதிகூட இல்லை. மெக்கானிக்கல் லாக் எதுவும் கிடையாது, பிரேக்கை வைத்துத்தான் சமாளிக்கும். முதல் தடவை வாய்க்காலில் சக்கரம் தொங்கியதும் பழைய பழக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி நின்றது. இந்த ஏற்பாட்டில் காலை எடுக்கக்கூடாது. இரண்டாவது தடவை ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டேன். தொங்கிய சக்கரம் சுற்றியது, கர் கர் என்று பிரேக் அதைப் பிடிக்கும் சத்தம் கேட்டது, ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தரையில் இருந்த சக்கரத்துக்கு உயிர் வந்து மெல்ல ஏறியது. அந்த ஒரு மூச்சு நேரம் காலை எடுக்காமல் இருக்கப் பழகினால் போதும்.

அதன் டயர் 195 மில்லிமீட்டர்தான், ஒல்லி. எங்கள் செம்மண் சேற்றில் அகல டயர் மேலே மிதந்து வழுக்கும். ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும். மணலில் கதை வேறு, அங்கே அகலம்தான் வேண்டும். அகலம் 1645 மில்லிமீட்டர், சந்தில் இரண்டு பக்கமும் முக்கால் சாண் இடம். கண்ணாடியை மடக்கவே இல்லை.

இனி, எது நம்பகமான வண்டி என்ற கேள்வி. எஞ்சினைப் பொறுத்தவரை மூன்றுமே நமக்குத் தெரிந்த ஆட்கள். தாரின் 2.2 எம்ஹாக், ஸ்கார்ப்பியோவில் ஓடிய குடும்பம். ஜிம்னியில் இருப்பது எர்டிகாவில் இருந்த எஞ்சின். கூர்க்காவின் 2.6 டீசல், கொடைக்கானலுக்கு ஆள் ஏற்றிப்போகும் டிராவலர் வேன்களில் இருப்பது. ஃபோர்ஸ் ஷோரூம் குறைவு என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: டிராவலர் பார்க்கும் மெக்கானிக்குக் கூர்க்காவின் எஞ்சின் புதிது இல்லை. சிக்கல் எஞ்சினில் வருவதில்லை, ஃபோர் வீல் பாகங்களில் வரும். முன்பு ஒரு வண்டிக்கு எண்ணெய் கசியாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சீல் ஒன்றுக்காக ஒரு சர்வீஸ் சென்டரில் 19 நாள் காத்திருந்தோம். காபிப் பழம் செடியிலேயே கறுத்தது. அதனால் எந்த வண்டி வாங்கினாலும் சீல், ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் கிராஸ், ஃபில்டர் எல்லாம் ஒரு செட் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எலக்ட்ரானிக் ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. சக்கரம் சுற்றுகிறதா இல்லையா என்பதை ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சென்சார்தான் சொல்ல வேண்டும். அதன் வயர் சுண்டு விரல் மொத்தம்கூட இல்லை. உறவினர் வீட்டு வண்டி ஒன்றில் எலி அந்த வயரைக் கடித்துவிட்டது. டேஷ் போர்டில் விளக்கு எரிந்தது, வண்டி ஓடியது, ஆனால் பிரேக் பிடித்து உதவும் வேலை நின்றுபோனது. மலைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. கூர்க்காவின் லீவருக்கும் தாரின் பின் லாக்கிற்கும் அந்தக் கவலை இல்லை. இதை நினைத்துத்தான் இரண்டு வாரம் முடிவெடுக்காமல் இருந்தேன்.

முடிவைத் தந்தது வேறொரு ராத்திரி. 2017 மார்கழியில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவரை ஜிப்ஸியின் பின் பெஞ்சில் படுக்கவைத்து, டிரைவர் அண்ணன் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் அந்த வாய்க்காலில் இறக்கி ஓட்டினேன். வத்தலக்குண்டு போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அப்பா அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். எங்கள் தோட்டத்தில் பதினோரு குடும்பம் இருக்கிறது. ராத்திரி வலி எடுத்தால் எங்கள் வண்டிதான் ஆம்புலன்ஸ். மூன்று கதவு தாரிலும் மூன்று கதவு கூர்க்காவிலும் பின்னால் உட்காரும் ஆளை எப்படி ஏற்றுவது? தாரில் முன் சீட்டை மடக்கி அதன் வழியாக நுழைய வேண்டும். நிறைமாதப் பெண்ணால் அது முடியாது. ஜிம்னிக்குப் பின் கதவுகள் உண்டு. ஐந்து கதவு கூர்க்கா 2024-இல் வந்தது, ஆனால் அறிமுக விலையே 18 லட்சம். எடையும் கூடுதல்.

ஜிம்னி வாங்கினேன், மேனுவல் கியர். மேல் எஸ்டேட்காரர் தன் வழியில் கூர்க்காவைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே மண் கிடையாது, படிப்படியாகப் பாறைதான். ஓட்டம் எடுக்கவும் இடமில்லை. மாதம் நான்கு முறை சென்னை போய் வருகிற சித்தி மகனுக்குத் தார் டீசல்தான் சரி.

வண்டி வந்த வாரமே ஷெட்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்தோம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு. டயரை மண்ணுக்கும் ரோட்டுக்கும் ஒத்துவரும் ஆல் டெரெய்ன் டயராக மாற்றினேன், அதே 195 அகலத்தில். ஏற்றத்துக்கு முன்னால் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு இறக்குகிறேன், பஸ் ரோட்டுக்கு வந்ததும் பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸரால் ஏற்றிக்கொள்கிறேன். மழை இல்லாத மாதங்களிலும் வாரம் ஒரு தடவை மண் பாதையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டிவிடுகிறேன், உள்ளே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகட்டும் என்று.

டிரைவர் அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முதல் நாள் சந்தில் வண்டி நுழையும்போது இறங்கி நின்று பார்த்தார். வண்டிக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவே கையை விரித்து வைத்து அளந்தார். “பாப்பா, கை போகுது” என்றார்.