மீ போக் ட்ரையா, குவே தியாவ் சூப்பா?

சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்ல (சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்குற இடம்) கூட்டம் அலைமோதுற ஃபிஷ்பால் (மீன் உருண்டை) நூடுல்ஸ் கடைன்னா, க்யூல நிக்கும்போதே முடிவு பண்ணிடணும், ட்ரையா (சூப் ஊத்தாம சாஸ்ல பெரட்டுறது) சூப்பா, எந்த நூடுல்ஸ், மிளகாய் வேணுமா வேணாமான்னு. நம்ம முறை வந்தப்புறம் போர்டப் பாத்து யோசிச்சிட்டு நின்னா கடைக்கார அங்கிள் பின்னாடி நிக்கிறவர்கிட்ட ஆர்டர் கேக்க ஆரம்பிச்சிடுவாரு.

என் ஓட்டு மீ போக் ட்ரைக்குதான். ரிப்பன் மாதிரி தட்டையா இருக்குற மஞ்சள் நூடுல்ஸ் அது. சம்பால் (மிளகாய் விழுது), வினிகர், மீன் சாஸ், பன்றிக்கொழுப்புன்னு எல்லாத்தையும் கிண்ணத்துல மொதல்லயே போட்டு வச்சிருவாங்க. நூடுல்ஸ வலைக் கரண்டில போட்டு கொதிக்கிற தண்ணில கொஞ்ச நேரம், அப்புறம் பச்சத் தண்ணில ஒரு முக்கு, திரும்ப சுடுதண்ணில ஒரு முக்கு, நல்லா உதறி கிண்ணத்துல தட்டிடுவாங்க. அந்தப் பச்சத் தண்ணி முக்குலதான் விஷயமே இருக்கு, நூடுல்ஸ் குழையாம கடிக்க நல்லா இருக்கும், மஞ்சள் நூடுல்ஸோட அந்த சோப்பு வாடையும் போயிடும். உதறாம போட்டா அடியில தண்ணி நின்னு சாஸ் நீத்துப் போயிடும், அப்படிப்பட்ட கடைக்கு நான் ரெண்டாவது தடவ போக மாட்டேன்.

மீ கியாவும் அதே மாவுதான், ஆனா மெல்லிசு, சாஸ நல்லா இழுத்துக்கும், போட்டோ எடுத்துட்டு இருந்தீங்கன்னா கட்டியாயிடும்.

சூப்புக்கு அரிசியில செஞ்ச குவே தியாவ் இல்லன்னா பீ ஹூன் (அரிசி சேமியா) சொல்லுங்க. மழை நாளுக்கும் காய்ச்சல் வந்த வாய்க்கும் இதான் சரி, ஆனா சம்பால் இல்லாததால ஃபிஷ்பால் சுமாரா இருந்தா உடனே தெரிஞ்சிடும். கையால பண்றவங்க பாராங் மாதிரி மீனோட (நம்ம ஊரு முள்ளுவாளை) சதைய வழிச்சு, உப்புத்தண்ணி சேத்து, பாத்திரத்துல அடிச்சு அடிச்சு எடுப்பாங்க, உப்பும் அடியும்தான் அந்தத் துள்ளலக் குடுக்குது. உருண்டை கோணல்மாணலா, லேசா பழுப்பா இருக்கும். மாவு அதிகமா சேத்த ஃபேக்டரி உருண்டை வெள்ளவெளேர்னு ஒரே சைஸ்ல, கடிச்சா மீன் வாசனையே இருக்காது. அதனால கையால உருட்டுற கடைன்னா சூப்பும் தாராளமா சொல்லலாம், இல்லன்னா கண்ண மூடிட்டு ட்ரை. ட்ரை சொன்னாலும் ஃபிஷ்பால பெரும்பாலும் தனி சூப் கிண்ணத்துல போட்டுத் தந்துடுவாங்க, அப்ப ரெண்டுமே கிடைச்ச மாதிரிதானே!

பன்றி சாப்பிடாதவங்க கவனிங்க, இது தியோச்சூ சீனர் சாப்பாடு, கொழுப்பு மட்டுமில்ல, கொத்துன பன்றிக்கறியும் மேல போடுவாங்க, ஹெர் கியாவ்னு மீன் சதையில தோல் செஞ்ச டம்ப்ளிங் உள்ளேயும் அதான். "நோ போர்க், நோ லார்ட்"னு சொன்னா போடாம குடுப்பாங்க, ஆனா கரண்டி, பானை எல்லாம் ஒண்ணுதான், ஹலால் வேணும்னா சர்டிஃபிகேட் மாட்டியிருக்குற கடைக்குப் போறதுதான் சரி.

வெலையில பெருசா வித்தியாசம் இல்ல, பெரும்பாலும் நாலஞ்சு வெள்ளிக்குள்ள (சிங்கப்பூர் டாலர்) முடிஞ்சிடும். டாபாவ் (பார்சல்) பண்றதா இருந்தா மட்டும் சூப் பக்கம் சாயுவேன், அதுவும் நூடுல்ஸையும் சூப்பையும் தனித்தனியா கட்டச் சொல்லி, ஏன்னா மீ போக் ட்ரை வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒரே பாளமாயிடும், சாப்ஸ்டிக்க விட்டுத் தூக்குனா மொத்தமா எழுந்து வரும்.