தூரம் துல்லியம், நேரம்தான் ஏமாற்றுகிறது: நான்கு வருடமாக வைத்திருக்கும் ஒரு விமானத் தூரச் செயலி

இரண்டு சின்ன விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் செயலி ஒன்றை நான்கு வருடமாகப் பயன்படுத்துகிறேன். அதை நம்பலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இது.

தூரத்தைக் குறை சொல்லவே முடியாது. மாதம் இரண்டு தடவை நான் போகும் வழிக்கு 310 கிலோமீட்டர் காட்டுகிறது. பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்ளும் ஹாவர்சைன் சூத்திரத்தில் நானே ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தேன், ஒரு கிலோமீட்டர்தான் இடித்தது. துருவப் பக்கம் பூமி கொஞ்சம் தட்டை என்பதால் அந்தச் சூத்திரத்தில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். செயலி அந்தத் தட்டையையும் கணக்கில் எடுத்திருக்கிறது. அன்று எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை வந்தது.

நேரம்? 53 நிமிடமாம். 310ஐ 800ஆல் வகுத்து, வருவதை நிமிடமாக்கி, ஏற இறங்க என்று 30 நிமிடம் சேர்த்தால் அந்த எண் வந்துவிடும். ஆனால் 800 என்பது ஜெட் விமானத்தின் வேகம். இந்த மாதிரிக் குறுந்தூரத்தில் பெரும்பாலும் வருவது ஏடிஆர் 72, இரண்டு புரொப்பல்லரோடு, மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டரில் போகிறது. எதிர்க்காற்று 40 இருந்தால் தரையைப் பொறுத்தவரை 460தான், அதனால் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்.

அப்புறம் ஓடுபாதை. நான் ஏறும் நிலையத்தில் ஓடுபாதைக்கு இணையாகத் தனி வழி கிடையாது. விமானம் ஓடுபாதையிலேயே கடைசி வரை உருண்டு போய், அங்கே அரைவட்டம் அடித்துத் திரும்பி நின்று, அதன் பிறகுதான் கிளம்பும். ஜன்னல் வழியாக ஓர விளக்குகள் ஒவ்வொன்றாக மெதுவாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சில நாள் அதற்கே ஐந்து நிமிடம். கதவு சாத்தியதிலிருந்து இறங்கி நிற்கும் வரை குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் 68 முதல் 76 நிமிடம். 53 என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை.

செயலி காட்டும் நேரத்தை நம்பித்தான் முதல் வருடம் அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவர் கண் விழித்தபோது பக்கத்தில் நான் இல்லை. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. செயலியைச் செய்தவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், விமான வகையைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு பெட்டி வையுங்கள் போதும் என்று. பதில் இல்லை.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: தூரத்தை மட்டும் அதில் பாருங்கள், 500ஆல் வகுத்து, வருவதை நிமிடமாக்கி, 35 நிமிடம் கூட்டுங்கள். எனக்கு 72 வருகிறது, நோட்டோடு ஒத்துப்போகிறது. தூரக் கணக்குக்கு இதைவிட நல்ல செயலியை நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் போட்டிருக்கிறேன். அந்தப் பெட்டி வரும் வரை மாற்றப்போவதில்லை.