லேப்டாப் அப்டேட் அறிவிப்பு: விண்டோஸ், மேக், உபுண்டு... எது புரியும்படி சொல்கிறது?

எங்கள் வீட்டில் மூன்று லேப்டாப்புகள். அப்பாவிடம் விண்டோஸ் 11, தங்கையிடம் மேக்புக், என்னிடம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். எதில் அப்டேட் அறிவிப்பு எட்டிப் பார்த்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும்: "இதை அழுத்தலாமா, வேண்டாமா?" கேட்பவர்கள் கணினி தெரியாதவர்கள் இல்லை. அப்பா வங்கி வேலை முழுவதையும் அதில்தான் பார்க்கிறார். வந்திருப்பது என்ன, அவசரமா, கணினி எப்போது ரீஸ்டார்ட் ஆகும் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அந்த மூன்றை வைத்தே ஒப்பிடுகிறேன்.

விண்டோஸில் பாதிக் குழப்பம் காலண்டர் தெரிந்தால் தீர்ந்துவிடும். மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் வரும்; 2003 முதல் இதே வழக்கம். நம் நேரப்படி அன்று இரவு. இதைத் தள்ளிப்போடக் கூடாது. மாதக் கடைசியில் பெயரில் 'ப்ரிவ்யூ' என்ற சொல்லோடு இன்னொன்று வரும். அது கட்டாயம் இல்லை. அதில் இருக்கும் திருத்தங்கள் அடுத்த மாத அப்டேட்டில் எப்படியும் சேர்ந்து வந்துவிடும், விட்டால் நஷ்டமில்லை. ஆனால் இரண்டுக்கும் 'கேபி' (KB) என்று தொடங்கும் அடையாள எண், ஒரே மாதிரி பெயர். 'ப்ரிவ்யூ' என்ற அந்த ஒரு சொல்லின் அர்த்தம் தெரியாவிட்டால், எது அவசரம், எது காத்திருக்கலாம் என்பது விளங்காது. புதிய அப்டேட்களை உடனுக்குடன் பெற விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் வேறு இருக்கிறது. பாதுகாப்பு சீக்கிரம் கிடைக்கும் என்று நம்பி அதை ஆன் செய்கிறவர்கள் உண்டு. பாதுகாப்பு அப்டேட் அதனால் ஒரு நாள்கூட முந்தி வராது. சுவிட்ச் ஆஃபிலேயே இருக்கட்டும்.

ரீஸ்டார்ட் விஷயத்தில் விண்டோஸ் பரவாயில்லை. பவர் பட்டனில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் அப்டேட் காத்திருக்கிறது என்று அர்த்தம். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' பகுதியில் நம் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ஊருக்குப் போகிறோம், நெட் சரியில்லை என்றால் ஐந்து வாரம் வரை நிறுத்தியும் வைக்கலாம். இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதைப் பற்றித் திரையில் வரும் எச்சரிக்கையை விளம்பரம் என்று மூடிவிடாதீர்கள்.

மேக்கில் அறிவிப்புகள் குறைவு, வார்த்தைகளும் எளிமை. இரவில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு சார்ஜரைச் செருகி வைத்தால் போதும். இங்கே சிக்கல் வேறு. புதிய பெரிய பதிப்பு வந்துவிட்டால் திரையில் அதுதான் முன்னால் நிற்கும். இப்போது இருக்கும் பதிப்புக்கான சின்னப் பாதுகாப்பு அப்டேட் கீழே, வேறு சில அப்டேட்களும் உள்ளன என்ற சிறிய எழுத்துக்குள் இருக்கும். அவசரமானது அந்தச் சின்னதுதான். பெரியதை அழுத்தினால் முழு இயங்குதளமும் மாறும். பழைய மென்பொருளோ பிரிண்டரோ ஒத்துழைக்காமல் போகலாம். 2025-இல் எண்ணும் குழப்பியது. "அண்ணா, 15-க்கு அப்புறம் 26 எப்படி வந்தது? நடுவில் பத்தை நான் விட்டுட்டேனா?" என்று தங்கை கேட்டாள். எதையும் விடவில்லை. 15-ஆம் பதிப்பான செகோயாவுக்கு அடுத்த டாஹோவிலிருந்து ஆப்பிள் வருடத்தை ஒட்டி எண் வைக்கத் தொடங்கியது, அவ்வளவுதான்.

உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் பின்னணியில் தானாகவே ஏறிவிடும். அப்டேட் ஜன்னலைத் திறந்தால் எந்தெந்தப் பொதி (மென்பொருள் தொகுப்பு), எத்தனை எம்பி என்று முழுப் பட்டியலும் தெரியும். எதையும் மறைக்காத இந்த நேர்மைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஓடும்போது வரும் அந்த ஒரு அறிவிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை: செயலியை மூடுங்கள், இன்னும் 13 நாள் இருக்கிறது. 13 நாளில் என்ன ஆகும்? உரிமம் தீருமா, கோப்பு அழியுமா? அறிவிப்பில் பதில் இல்லை. நடப்பது இதுதான்: ஸ்னாப் (உபுண்டுவில் செயலிகளைப் பொதிந்து தரும் ஒரு முறை) வடிவில் வந்த செயலிக்குப் புதிய பதிப்பு தயார், திறந்திருப்பதால் மாற்றாமல் காத்திருக்கிறது. கெடு தாண்டினால் திறந்திருந்தாலும் மாற்றிவிடும். ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டுச் சற்று நேரம் விடுங்கள், அறிவிப்பு போய்விடும்.

ஆக, எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எப்போது ரீஸ்டார்ட் என்பதில் மேக், என்ன வந்திருக்கிறது என்பதில் உபுண்டு. எது அவசரம் என்பதை மூன்றுமே சரியாகச் சொல்வதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான்.

அந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகின்றன. ஏதோ ஓர் இணையப் பக்கம் படிக்கும்போது அந்தப் பக்கத்துக்குள்ளேயே "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, டவுன்லோட் செய்யுங்கள்" என்று வந்தால் அது மோசடி. நிஜமான குரோம் அப்டேட் பக்கத்துக்குள் வராது. மேலே வலது மூலை மெனுவில்தான் தெரியும். அங்கே தெரியும் நிறம் பச்சை என்றால் அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள், ஆரஞ்சு என்றால் நான்கு நாள் போல, சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது. அப்பாவிடம் இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, செட்டிங்ஸைத் திறந்து, அங்கே அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.