யாழ்ப்பாணம்–கொழும்பு ஆசனப்பதிவுத் தளத்தில் பிளேரைட்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவில் ஓடும் பேருந்துகளுக்கு ஆசனம் பதிவு செய்யும் இணையச் செயலி ஒன்றை எங்கள் சிறிய அணி பராமரித்து வருகிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அது இயங்குகிறது. பயணிகளில் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில் பதிகிறார்கள்; ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோருக்காகப் பதிவதும் வழக்கம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆசனங்களுக்கு ஏற்படும் நெருக்கடியை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அத்தகைய வாரத்தில் புதிய நிரல் ஒன்றை வெளியிட்ட பிறகு பதிவுப் பக்கம் வேலை செய்யாவிட்டால் அதன் சுமை பயணிகள்மீதே விழும் என்பதால், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர் தானியங்கி உலாவிச் சோதனைகளை, அதாவது நிரலே உலாவியைத் திறந்து ஒரு பயணியைப் போலப் பக்கத்தைப் பாவித்துப் பார்க்கும் சோதனைகளை, ஓட்டுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

இதற்கு நாங்கள் பாவிக்கும் கருவி பிளேரைட். 2004 இல் தொடங்கிய செலீனியம் இத்துறையின் மூத்த கருவி. அதிலிருந்து வளர்ந்த, உலாவியை நிரலால் இயக்கும் வெப்டிரைவர் முறை 2018 இல் இணையத்தின் பொதுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. மைக்ரோசொப்ட் 2020 இல் வெளியிட்ட பிளேரைட்டோ குரோமின் அடித்தளமான குரோமியம், பயர்பொக்ஸ், சபாரியின் அடித்தளமான வெப்கிட் ஆகிய மூன்று உலாவி இயந்திரங்களையும் ஒரே நிரலால் இயக்குகிறது. நிறுவுவது எளிது. ஆனால் ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று குறித்த உலாவிப் பதிப்புகளைத் தரவிறக்குவதால், பதிப்பை மாற்றும்போதெல்லாம் சில நூறு மெகாபைற் செலவாகும். வீட்டிலிருந்து டேட்டா அட்டையில் வேலை செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

செலீனியத்தில் எழுதிய பழைய சோதனைகளில் 'மூன்று விநாடி பொறு, பிறகு அழுத்து' என்ற வகைக் கட்டளைகள் நிறைந்திருந்தன. இணைப்பு மெதுவான நாளில் மூன்று விநாடி போதாது. வேகமான நாளில் அது வீண். பிளேரைட் ஒரு பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் அது கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, செயற்படும் நிலையில் உள்ளதா, அழுத்தம் உண்மையில் அதன்மேல்தான் விழுமா என்று தானாகவே பார்த்து, அவை நிறைவேறும்வரை காத்திருக்கிறது. எங்களுக்கு அதிகம் உதவியது இந்த நான்காவது பரிசீலனைதான். தமிழில் பொத்தான்களின் பெயர்கள் ஆங்கிலத்தைவிட நீளமானவை. சிறிய திரையில் 'கட்டணம் செலுத்துக' என்பது இரண்டு வரியாக மடிந்து, பக்கத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பட்டைக்குள் பாதி புதைந்துவிட்டது. ஆங்கிலப் பக்கத்திலும் சிங்களப் பக்கத்திலும் அதே சோதனை தேறியது. தமிழ்ப் பக்கத்தில் மட்டும், அழுத்தத்தை வேறொரு கூறு தடுக்கிறது என்ற செய்தியுடன் நின்றது. இந்தப் பரிசீலனைகளைத் தாண்டிக் கட்டாயமாக அழுத்தச் செய்யும் ஒரு தெரிவும் பிளேரைட்டில் உண்டு. அதை எங்கள் சோதனைகளில் தடைசெய்திருக்கிறோம், ஏனெனில் பயணியின் விரலுக்கு அப்படியொரு தெரிவு இல்லை.

மூன்று மொழிகளுக்கும் தனித்தனிச் சோதனைகளை எழுதுவதில்லை. பொத்தான், பெட்டி போன்ற ஒரு கூறைப் பக்கத்தில் தேடும்போது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அறிவிக்கும் அதன் பங்கையும் (பொத்தானா, இணைப்பா என்பது) பெயரையும் கொண்டு தேடுகிறோம். பெயரை மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து எடுக்கிறோம். ஆகவே ஒரே சோதனை மூன்று மொழிகளிலும் ஓடுகிறது. இம்முறையால் பெயரிடப்படாத உள்ளீட்டுப் பெட்டிகள் வெளிப்பட்டன. பார்வைக் குறைபாடுள்ள பயணிகளுக்குத் தளம் எவ்வளவு உதவுகிறது என்பதும் கூடவே தெரியவந்தது. ஒரே பெயரில் இரண்டு பொத்தான்கள் இருந்தால் பிளேரைட் ஒன்றைத் தானாகத் தெரிந்தெடுக்காமல் பிழை காட்டி நின்றுவிடும். தொடக்கத்தில் இது தொல்லையாகத் தோன்றும். ஆயினும் எதை அழுத்துகிறோம் என்பது ஐயமின்றித் தெரிந்திருப்பது பெரும் நன்மை.

தமிழ் உள்ளீட்டில் வேறொரு நுட்பம் இருக்கிறது. 'கொழும்பு' என்ற சொல்லின் ஒகரக் குறி, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோட் முறையில் ஒற்றைக் குறியீடாகவும் அமையலாம், எகரக் குறியும் கால்குறியும் அடுத்தடுத்து வரும் இரண்டு குறியீடுகளாகவும் அமையலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடலுக்கு வேறு வேறு. எனவே நகரத் தேடலுக்கான சோதனை இரண்டு வடிவங்களையும் உள்ளிட்டு, இரண்டுக்கும் ஒரே பேருந்துப் பட்டியல் வருகிறதா என்று பார்க்கிறது. தமிழ்த் தேடல் உள்ள எந்தத் தளத்துக்கும் இந்தச் சோதனையை நான் வலியுறுத்துவேன்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சோதனைகள் ஓடும் மேகச் சேர்வர்கள் பொதுவாக உலகப் பொதுநேரத்தில் இருக்கின்றன. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே இங்கே நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30 க்கும் இடையில் சேர்வரின் 'இன்று' எங்களுடைய நேற்று. ரொறன்ரோவில் இருப்பவரின் உலாவியோ பருவத்துக்கேற்ப ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம் பிந்தியிருக்கும். புறப்பட்டுவிட்ட பேருந்துக்கு ஒருவர் பணம் செலுத்தும் நிலை இந்த இடைவெளியில்தான் உருவாகும். பிளேரைட்டில் உலாவியின் நேர வலயத்தை அமைக்கலாம்; 2024 முதல் பக்கத்தின் கடிகாரத்தையே விரும்பிய கணத்தில் நிறுத்திவைக்கவும் முடிகிறது. யாழ்ப்பாணத்தில் இரவு 12.15 என்று வைத்து, கொழும்பு, ரொறன்ரோ, லண்டன் ஆகிய மூன்று வலயங்களிலும் நாட்காட்டி ஒரே பயணத் திகதியைக் காட்டுகிறதா என்று பார்க்கிறோம். இந்த அமைப்பு உலாவியை மட்டுமே மாற்றும், சேர்வரின் கடிகாரத்தைத் தொடாது என்பதால், சேர்வர் பக்கத்து நேரக் கணிப்பை, நிரலின் சிறு பகுதிகளை உலாவியின்றிப் பார்க்கும் அலகுச் சோதனைகளில் தனியே சரிபார்க்கிறோம்.

ஒரே ஆசனத்துக்கு இருவர் போட்டியிடும் நிலையையும் ஒரு சோதனைக்குள் உருவாக்கலாம். ஒன்றன் குக்கிகள் (பாவனையாளரை அடையாளம் காணத் தளம் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகள்) மற்றதற்குத் தெரியாத இரண்டு தனித்த உலாவிச் சூழல்களைத் திறந்து, இரண்டிலும் ஒரே ஆசனத்தைத் தெரிந்தெடுத்து, ஒருவர் பணம் செலுத்தியதும் மற்றவருக்கு உரிய அறிவிப்பு வருகிறதா என்று பார்க்கிறோம். பணத்தைப் பெறும் வெளிச் சேவையான கட்டண நுழைவாயிலுக்குப் போகும் கோரிக்கையை வழியிலேயே மறித்து, தயாராக வைத்த பதிலைக் கொடுப்பதால் பிறருடைய சேவையில் ஏற்படும் தடங்கல் எங்கள் முடிவுகளைப் பாதிப்பதில்லை.

சோதனைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதை நான் இப்போது விரும்புவதில்லை. காரணமின்றி ஒரு நாள் தோற்று மறுநாள் தேறும் சோதனை அணியின் நம்பிக்கையை அரிக்கிறது. பத்து நல்ல சோதனைகள் எழுப்பும் எச்சரிக்கையையும் அது மதிப்பிழக்கச் செய்கிறது. மறுமுயற்சியில் தேறியவற்றைப் பிளேரைட் தனியே 'நிலையற்றவை' என்று குறிக்கிறது. அந்தப் பட்டியலில் வருவதை உடனடியாக ஆராய்கிறோம். காரணம் பிடிபடாவிட்டால் அந்தச் சோதனையை நீக்கி, அதே விடயத்தை அலகுச் சோதனை போன்ற கீழ்மட்டத்தில் சோதிக்கிறோம். ஆராய்வதற்குத் தடப்பதிவுக் கோப்பு பேருதவி. ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் பக்கம் இருந்த நிலை, வலைக் கோரிக்கைகள், பிழைச் செய்திகள் யாவும் அதில் இருக்கும். கோப்பாயில் இருப்பவர் அந்தக் கோப்பை அனுப்பினால் சாவகச்சேரியில் இருப்பவர் சோதனையை மீண்டும் ஓட்டாமலே காரணத்தைக் காணலாம்.

திரையைப் படம்பிடித்து முந்தைய படத்துடன் ஒப்பிடும் வசதியை ஆசன வரைபடத்துக்கும் பயணச்சீட்டுக்கும் மட்டுமே வைத்திருக்கிறோம். இயங்குதளத்துக்கு இயங்குதளம் எழுத்துருக்கள் வரையப்படும் விதம் மாறுவதால், ஒப்பிடுவதற்கான மூலப் படங்களை, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி அமையும் லினக்ஸ் கொள்கலனில் மட்டும் எடுக்கிறோம். தமிழ், சிங்கள எழுத்துருக்களைத் தளத்துடனேயே வழங்குகிறோம்.

இக்கருவி எட்டாத இடங்களும் உண்டு. அதன் வெப்கிட் ஐபோனில் இருக்கும் சபாரி ஆகாது. கைத்தொலைபேசிப் பாவனையும் திரையளவு, தொடுகை போன்றவற்றின் போலச்செய்தல் மட்டுமே. பெட்டியை நிரப்பும் கட்டளை எழுத்துகளை ஒரேயடியாக இடுவதால், தமிழ் விசைப்பலகையில் ஒருவர் தட்டும்போது நிகழ்வதை அது காட்டாது. அதனால் ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் முன்னர் விலை குறைந்த அண்ட்ரொயிட் தொலைபேசி ஒன்றிலும் பழைய ஐபோன் ஒன்றிலும் தமிழில் பெயர் தட்டி, ஆசனம் தெரிந்தெடுத்து, சீட்டு வரும்வரை கையாலேயே பதிந்து பார்க்கிறோம்.