கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்ட் கார்டா, டெக்ஸ்ச்சர் போர்டா?

தங்கை கல்யாணப் பத்திரிகையை நானே டிசைன் செய்தேன். முகப்பு முழுக்கக் கருநீலம், நடுவில் வெள்ளைக் கோட்டில் ஒரு கோபுரம். 300 ஜிஎஸ்எம் (தாளின் எடையளவு) ஆர்ட் கார்டில் டிஜிட்டல் பிரிண்ட் போட்டு வந்தது. பிரித்தால் மடிப்பில் நீலம் வெடித்து வெள்ளை தெரிகிறது. அம்மா நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் மறுநாளே காய்ந்து உதிர்ந்துவிட்டது. அப்பா பெயர் எழுத உட்கார்ந்தால் பேனா வழுக்குகிறது, எழுதியதும் கை பட்டு இழுசுகிறது.

ஆர்ட் கார்டு மோசமான தாள் என்று சொல்லவில்லை. அதன் மேல் வெள்ளைக் களிமண், சுண்ணாம்புப் பூச்சு இருப்பதால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், அதனால்தான் போட்டோ அவ்வளவு பளிச்சென்று விழுகிறது. மணமக்கள் படம் போடுவதாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். ஆனால் மஞ்சளும் பேனா மையும்கூட அதே காரணத்தால் உள்ளே இறங்காது. மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போட்டால் மடிப்பு வெடிப்பது குறையும், எழுதுவது இன்னும் கஷ்டமாகும். எப்படியும் மடிப்பதற்கு முன் கிரீசிங், அதாவது மடிப்பு விழும் இடத்தில் அழுத்திப் பள்ளக் கோடு, போடச் சொல்லுங்கள், மடிப்பு தாளின் நார் ஓடும் திசையிலேயே விழட்டும். எனக்கு இரண்டுமே நடக்கவில்லை. கடைக்காரர் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.

பூச்சு இல்லாத, மேலே வரி வரியாக மேடு பள்ளம் உள்ள டெக்ஸ்ச்சர் போர்டு நேர் எதிர். மஞ்சள் ஊறிப் பிடிக்கும், எந்தப் பேனாவும் எழுதும், கையில் எடுத்தாலே ஒரு கனம் தெரியும். விலை கொஞ்சம் கூடத்தான். மை உள்ளே இழுக்கப்படுவதால் நிறம் ஒரு படி மங்கும், முகங்கள் சோர்ந்து தெரியும். இன்னொரு சிக்கல், ஆழமான வரி உள்ள தாளில் லேசர் பிரிண்டரின் டோனர் (மைத்தூள்) பள்ளத்துக்குள் போகாது, கருநீலம் நிரப்பினால் புள்ளி புள்ளியாக வெள்ளை எட்டிப் பார்க்கும். கோலம், கோபுரம், எழுத்து மட்டும் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் (வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சிடுவது) இது அபாரமாக வரும். க்ரீம் நிறத் தாள் எடுப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: சாதாரண அச்சில் வெள்ளை மை கிடையாது, டிசைனில் நீங்கள் வைத்த வெள்ளை எல்லாம் க்ரீம்தான்.

மினுக்கும் பேர்ல் தாளில் தங்க எழுத்து சரி, போட்டோ வேண்டாம். மினுக்கம் மைக்கு மேலேயும் தெரிந்து, முகத்தில் எண்ணெய் வழிவது போல இருக்கும்.

அப்புறம் கைக்காகிதம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959இலிருந்து செய்கிறார்கள். பருத்தித் துணிக் கழிவுதான் கூழ். பிய்ந்த மாதிரியான அந்த ஓரத்துக்காகவே எனக்குப் பிடிக்கும். ஆனால் தாளுக்குத் தாள் தடிமன் மாறும், பிரிண்டரில் சிக்கும், 500 பத்திரிகைக்குக் கட்டுப்படியாகாது.

ஜிஎஸ்எம் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, தடிமன் இல்லை. அழுத்தி வழவழப்பாக்கிய 300 ஆர்ட் கார்டும் 250 டெக்ஸ்ச்சரும் கைக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே படலாம்.

அடுத்து தம்பி கல்யாணம். 250 டெக்ஸ்ச்சர், ஸ்கிரீனில் ஒற்றை மெரூன் நிறம், பெரியவர்களுக்கு மட்டும் ஐம்பது கைக்காகிதம் என்று முடிவு செய்திருக்கிறேன். போட்டோ இல்லையா என்று தம்பி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், அதை வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்ளட்டும்.